ஞாயிறு கூடுகையும் சிறைப்பட்டோர் பராமரிப்பும்: இரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைச் சான்றுகள்

கி.பி. 112 அளவில் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய மடல், கிறித்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடியதை விசாரணை வழி அறிந்து பதிவுசெய்கிறது. அக்கூடுகையின் உள்ளமைப்பை, ஏறத்தாழ 155இல் உரோமில் யுஸ்தின் இயற்றிய முதல் தற்காப்புரை விளக்குகிறது. ஞாயிறன்று மறைநூல் வாசிப்பு, தலைவரின் அறிவுரை, பொது மன்றாட்டு, அப்பப் பகிர்வு ஆகியன நிகழ்ந்தன. வராதோர்க்குத் திருத்தொண்டர்கள் அப்பத்தைக் கொண்டுசென்றனர். அன்று தலைவரிடம் சேர்ந்த விருப்பக் காணிக்கை அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அயலார் ஆகியோர்க்கு உதவிற்று. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் 197 அளவில், நம்பிக்கையின்பொருட்டுச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் வாடியோர்க்கு மாதக் காணிக்கை பயன்பட்டதைக் கூறுகிறார்.

தற்காப்பு நூல்களாதலின் இவற்றில் உயர்வுநவிற்சி இருத்தல் கூடும். எனினும், யுஸ்தினின் விவரிப்பில் சிறைப்பட்டோர்க்கான உதவி தனி அறச்செயலன்று. வாராந்தர வழிபாட்டின் தொடர்ச்சியே ஆகும்.