மனச்சோர்வு நீக்கி

மனச்சோர்வு நீக்கிகள் என்பவை மனச்சோர்வு நோய்க்கும், சில வகைப் பதற்ற நோய்களுக்கும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மருந்துகள் ஆகும். இவற்றின் பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே தோன்றக்கூடும். முழுப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பலர் மருந்தைப் பாதியில் கைவிடுவதற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணமாகும்.

வரலாறு

முதல் மருந்துகள் தற்செயலாகக் கண்டறியப்பட்டவை. 1952இல் காசநோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட இப்ரோனியாசிட் அவர்களுக்கு உற்சாகம் ஊட்டியது. 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்டு கூன், இமிப்ரமினின் பயனை வெளியிட்டார். இந்தியாவின் சர்ப்பகந்தா வேரிலிருந்து பெறப்படும் ரெசர்பின், 1950களில் இரத்தக் கொதிப்புக்குப் பரவலாக வழங்கப்பட்டது. அதை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டதாக அக்கால மருத்துவர்கள் பதிவு செய்தனர். ரெசர்பின் மூளையில் செரோட்டோனின், நோரெபிநெப்ரின் ஆகியவற்றின் இருப்பைக் குறைப்பது. எனவே இவற்றின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருதுகோள் வலுப்பெற்றது. மனச்சோர்வுக்குச் செரோட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2022இல் வெளியான ஒரு மீளாய்வு கூறியது. மருந்து பயன் தருகிறதா என்பது வேறு கேள்வி; இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

செயற்படும் விதமும் பக்க விளைவுகளும்

ஒரு நரம்பணு வெளியிடும் செரோட்டோனினை அதே நரம்பணு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். புளுஆக்சிடின், எசிட்டலோப்ராம், செர்ட்ராலின் முதலியவை இம்மீளுறிஞ்சலைத் தடுக்கின்றன. குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு ஆகியவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். பாலுறவு நாட்டக் குறைவு நீடிக்கக்கூடும்; நோயாளிகள் கூச்சத்தால் இதை மருத்துவரிடம் சொல்வதில்லை. முதியோருக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். ஆசுபிரின் போன்ற வலி மருந்துகளுடன் சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

வென்லாபாக்சின், டுலோக்சிடின் ஆகியவை நோரெபிநெப்ரின் மீளுறிஞ்சலையும் தடுப்பதால் இரத்த அழுத்தத்தைக் கவனித்தல் வேண்டும். மிர்ட்டாசப்பின் தூக்கத்தையும் உடல் எடையையும் கூட்டும்.

அமிட்ரிப்டிலின் போன்ற மூவளைய மருந்துகள் பழையவை, விலை குறைந்தவை. இவை வேறு பல ஏற்பிகளையும் தாக்குவதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர்த் தடை, எழும்போது தலைசுற்றல் ஆகியன உண்டாகும். அளவு மீறினால் இதயத் துடிப்பு சீர்கெட்டு உயிரிழப்பு நேரலாம். ஆகவே தற்கொலை எண்ணம் உள்ளோர் வீட்டில் அதிக மாத்திரைகளை வைத்திருத்தல் கூடாது. இப்ரோனியாசிட்டைப் போல் மோனோஅமைன் ஆக்சிடேசு நொதியைத் தடுக்கும் மருந்துகள், நாட்பட்ட பாலாடைக்கட்டி முதலிய உணவுகளுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். ஆகையால் அரிதாகவே பயன்படுகின்றன.

எச்சரிக்கைகள்

சிறுவர், இளையோரிடம் சிகிச்சையின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என 2004இல் அமெரிக்க மருந்து நிருவாகம் எச்சரித்தது. 2007இல் இதை 24 வயது வரையானோருக்கும் நீட்டித்தது. இருமுனையப் பிறழ்வு உடையோருக்கு இம்மருந்துகள் பித்து நிலையைத் தூண்டலாம்.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு தோன்றும். இதனை நோய் திரும்பியதாகவோ, மருந்துக்கு அடிமையானதாகவோ பலர் தவறாகக் கொள்கின்றனர். அரூர் போன்ற ஊர்களிலிருந்து மருத்துவரைக் காணத் தருமபுரிக்கோ சேலத்திற்கோ பேருந்தில் செல்வோர், மாத்திரை தீருமுன் அடுத்த வருகையைத் திட்டமிடுதல் நன்று. நிறுத்த விரும்பினால் மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானசு சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.