அத்திப்பழத்து எழுத்துகள்

மேடவாக்கம் கூட்ரோட்டுப் பக்கத்து பேக்கரியில் விடியுமுன்பே பன் மாவு பொங்கி நிற்கும். அதைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டின் உறவுக்காரன் ஒருவன் என் லேப்டாப்பில் குடியிருக்கிறான். ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துகளில், 1081 துண்டுகளாக.

அவன் பூர்வீகம் கலிபோர்னியாவின் மெர்சட். 1938-இல் அங்கே அழுகிய ஓர் அத்திப்பழத்திலிருந்து எமில் மிராக் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதன் வாரிசுகளை வேறு ஈஸ்ட்டுகளோடு கலந்து ராபர்ட் மார்ட்டிமர் உருவாக்கிய எஸ்288சி வகையின் மரபில் ஏறக்குறைய 88 விழுக்காடு அந்த அத்திப்பழத்துச் சொத்து. 1996-இல் அதன் 16 குரோமோசோம்களையும், சுமார் 1.2 கோடி எழுத்துகளையும் படித்து முடித்தார்கள்.

பட்டினி போட்டால் ஈஸ்ட் வித்துகளாகப் பிரியும். அப்போது ஸ்போ11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அங்கங்கே வெட்டும். அந்த வெட்டு ஆறுகிற சமயத்தில்தான் இரு பெற்றோரின் மரபும் கைமாறும். அதுதான் மறுசேர்க்கை. வெட்டு அடிக்கடி விழும் இடம் சூடு, அத்தி பூத்தாற்போல விழும் இடம் குளிர். 2000-இல் ஜெனிபர் கெர்ட்டன், தாமஸ் பீட்டஸ் குழுவினர் டிஎன்ஏ சில்லுகளால் ஈஸ்ட் முழுவதற்கும் இதை வரைபடமாக்கினார்கள். ஜி, சி மிகுந்த பகுதிகளில் சூடு தெரிந்தது. குரோமோசோம் நுனிகளிலும் சென்ட்ரோமியர் அருகிலும் குளிர்.

அதிலிருந்து பொறுக்கியவைதான் என் லேப்டாப்பில் உள்ள 490 சூடான ஜீன்களும் 591 குளிர்ந்த ஜீன்களும். 2013-இல் வெய் சென், ஹாவோ லின் குழுவினர், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் சேரும் இடத்தில் இழை எவ்வளவு முறுகுகிறது, சாய்கிறது, நழுவுகிறது என்பது போன்ற ஆறு அளவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எது சூடு, எது குளிர் என்று அது நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சரியாகச் சொன்னது. பிறகு வந்த எத்தனையோ முறைகள் இதே வினாத்தாளில்தான் தேர்வு எழுதின.

எதிர்வீட்டு எம்எஸ்சி மாணவி கோப்பைத் திறந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். “ஈஸ்ட்டுக்கு ஆறாயிரம் ஜீன் இருக்கே அங்கிள், மீதியெல்லாம் எங்க?”

சரியான கேள்வி. சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தவற்றையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஆனால் ஈஸ்ட்டுக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. 2011-இல் ஸ்காட் கீனி குழுவினர் ஸ்போ11 வெட்டிய துணுக்குகளையே படித்து, சுமார் 3600 சூடான இடங்களை எண்ணினார்கள். பெரும்பாலானவை ஜீன் தொடங்குமுன், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகள் விலகிய இடைவெளியில் இருந்தன. உயிருள்ள செல்லில் இருக்கும் அந்த இடைவெளி, வெறும் எழுத்துகளாக லேப்டாப்புக்கு வந்தபோது கூட வரவில்லை.

‘சூடா, குளிரா’ என்று கேட்பதை அவள் விட்டுவிட்டாள். எவ்வளவு சூடு என்று எண்ணாகவே சொல்லும்படி நிரலை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த முறை நடுவில் உள்ள ஜீன்களையும் சேர்த்து.