இரும்பின் இடத்திற் கொங்கிறீற்று

இலண்டன் மாநகரின் அடியிலே செல்லும் புகையிரதக் குழாய்களுக்கு நெடுங்காலமாக வார்ப்பிரும்பே கவசமாக விளங்கியது. 1869 ஆம் ஆண்டில் கிறேற்ஹெட் என்னும் இளம் பொறியியலாளர் தேம்சு நதியின் கீழ் ஒரு சிறு சுரங்கத்தை அமைத்தார். களிமண்ணை அகழ்ந்து செல்கையில், பின்புறத்தே இரும்புத் துண்டங்களை வளையமாகப் பூட்டி மண்ணைத் தாங்கச் செய்யும் முறை அன்று கைக்கொள்ளப்பட்டது. பின் வந்தோரும் அவ்வழியையே பின்பற்றினர்.

1930களின் பிற்பகுதியில், மத்திய பாதையைக் கிழக்கே லேற்றன்ஸ்ரோனிலிருந்து நியூபெரி பார்க் வரை நீட்டும் வேலை தொடங்கியது. ஐரோப்பாவைப் போர்மேகம் சூழ்ந்த காலம் அது. படைக்கலத் தொழில்களுக்கு இரும்பு பெருமளவில் வேண்டப்பட்டது, விலையும் ஏறியது. எனவே, சுரங்கத்தின் கணிசமான நீளத்துக்கு உருக்குக் கம்பியிட்டு முன்னரே வார்த்த கொங்கிறீற்றுத் துண்டங்கள் பயன்படுத்தப்பட்டன. தீர்க்கதரிசனத்தாலன்று, தட்டுப்பாட்டினாலேயே இம்மாற்றம் நேர்ந்தது எனல் பொருந்தும்.

கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவையைத் தாங்காது. சுற்றிலும் மண் நெருக்கும் வளையம் அமுக்கத்தையே பெறுமாயின், உள்ளே கம்பி எதற்கு? மண்ணின் நெருக்கம் எத்திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வளையம் சிறிது நீள்வட்டமாகும்போது அதன் ஒருமுகம் இழுபடுகிறது. அன்றியும், துண்டத்தைத் தூக்கி ஏற்றும்போதும், அகழும் கேடயத்தை அதன்மேல் உந்தி முன்செலுத்தும்போதும், விளிம்புகள் வெடிக்கக்கூடும். அந்நிலையில் துண்டம் சிதறாது கட்டிக் காப்பது கம்பியே. வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெளியிற் சீமெந்துக் குழம்பைச் செலுத்தி நிரப்புவதும் இன்றியமையாதது. அது குறைந்தால் எத்தகைய கவசமும் கோணும்.

1939 இல் போர் மூண்டது. குழாய்கள் அமைந்தும், அவற்றிற் புகையிரதம் ஓடவில்லை. 1942 இல் பிளெசி நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு இயங்கத் தொடங்கியது. ஒடுங்கிய அந்த இரட்டைக் குழாய்களில், ஏறத்தாழ ஐந்து மைல் நீளத்துக்கு, இயந்திரங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பெண்கள் பலர் உட்பட ஏறத்தாழ 2,000 தொழிலாளர் விமானங்களுக்கான பாகங்களைச் செய்தனர். பொருள்களை எடுத்துச் செல்ல உள்ளே ஒரு சிறு இருப்புப்பாதையும் இருந்தது. மேலே குண்டு விழும் நகரம். கீழே, போருக்குச் சென்ற இரும்பின் இடத்தை நிரப்பிய வளையங்களுக்குள், போருக்கான உற்பத்தி.

போர் ஓய்ந்தபின் இயந்திரங்கள் அகற்றப்பட்டன. 1947 டிசெம்பர் 14 ஆம் நாள் அவ்வழியே முதன்முறையாகப் பயணிகள் புகையிரதம் சென்றது.