பத்தடி அறைக்குள் ஒரு லென்ஸ்

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று காலனி அரசு சட்டம் கொண்டு வந்தது. அட்டையில் கட்டைவிரல் ரேகை. கூடவே ஒரு முகப்படம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கொண்டிருந்த தமிழர்களில் பலருக்கு வாழ்க்கையில் எடுக்கப்பட்ட முதல் படமே அதுவாக இருந்திருக்கக்கூடும். எங்கள் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பாட்டியின் படமும் அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியதுதான். மலேசியாவில் பல தமிழர் வீடுகளில் இதே கதை இருக்கும். முகம் இருக்கிறது. அந்த முகம் எந்த அடுப்பின் முன்னால் நின்றது, எந்த வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டது என்பதற்குப் படம் இல்லை.

தினமும் பையில் போட்டுக்கொண்டு போக ஒரு சின்ன லென்ஸ் வாங்கலாம் என்று முடிவு செய்தபோது இந்தக் கேள்விதான் எனக்குள் ஓடியது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதிக்கும் கேமராக்கள் இருக்கின்றன. அங்கே லென்ஸ் தேர்வு செய்வதில் ரசனைக்கு வேலை இல்லை. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் படத்துக்குள் வரவேண்டும், வெளிச்சம் எவ்வளவு? இந்த மூன்றும் தெரிந்தால் குவியத்தூரம் தானாக வந்துவிடும். அதே கணக்கை நம் வீடுகளுக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. போட்டுப் பார்த்ததில் லென்ஸின் வரலாற்றுக்குள்ளேயே போக வேண்டியதாகிவிட்டது.

பாட்டி காலத்து வீட்டுப் படங்கள் ஏன் இல்லை என்று கேட்டால், ‘சோத்துக்கே வழியில்ல, இதுல போட்டோவா?’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில். கையில் காசு இருந்தவர்களும் ஸ்டூடியோவுக்குப் போய்த்தான் படம் எடுத்துக் கொண்டார்கள். சிங்கப்பூரில் லாம்பர்ட் 1867இல் தன் ஸ்டூடியோவைத் தொடங்கிய காலத்தில் கேமரா என்றால் பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடு. அதற்குத் தூரமும் வெளிச்சமும் வேண்டும். ஸ்டூடியோவில் இரண்டும் இருந்தன. பின்னால் வரைந்த திரையும் இருந்தது. வீடு படத்துக்கு வரமுடியாததால் ஆள்கள் வீட்டை விட்டுவிட்டுப் படத்துக்குப் போனார்கள்.

இதை மாற்றிய கேமரா ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் பிறந்தது. லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமை ஒரு சின்னக் கேமராவுக்குள் போட்டார். சினிமாச் சட்டகத்தை இரண்டு மடங்காக்கி 36க்கு 24 மி.மீ. என்ற அளவை எடுத்துக் கொண்டார். 1925இல் லைப்ஸிக் கண்காட்சியில் லைக்கா வெளிவந்தது. மக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் அதில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 1930இல்தான் லென்ஸைக் கழற்றி மாட்டும் லைக்கா வந்தது. அப்போது கிடைத்த அகலக்கோண லென்ஸ் 35 மி.மீ. எல்மார். 1935இல் 28 மி.மீ. ஹெக்டர் வந்தது. இன்றைய பேன்கேக் லென்ஸ்களின் பாட்டன்கள் இவைதாம். சட்டைப்பைக்குள் போகும் அளவுக்குச் சின்னவை.

ஆனால் ஹெக்டரின் அதிகபட்சத் துளை எஃப் 6.3 மட்டுமே. எல்மாரின் 3.5ஓடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு ஒளிகூட உள்ளே வராது. அன்றைய ஃபிலிமும் மந்தமானது. வெயிலில் தெருவை எடுக்கலாம். மண்ணெண்ணெய் விளக்கு எரியும் லயத்து வீட்டுக்குள் ஒன்றும் பதியாது.

இப்போது கணக்கு. படச்சட்டகத்தின் அகலம் 36 மி.மீ. என்றால், தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்று தெரிந்துவிடும். பத்தடி அறை ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஏறக்குறைய 3 மீட்டர். சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் உடம்பும் கேமராவும் கொஞ்சம் இடம் பிடிக்கும். எதிர்ச் சுவருக்கு 2.7 மீட்டர் மிஞ்சும். 50 மி.மீ. லென்ஸில் அந்தச் சுவரில் 1.94 மீட்டர்தான் தெரியும். 35இல் 2.78 மீட்டர், சுவருக்கு ஒரு சாண் குறைவு. 28இல் 3.47 மீட்டர். சாமிப்படம், நாள்காட்டி, தொலைக்காட்சி, மூலையில் அரிசிப் பீப்பாய் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

தெருவுக்கும் இதே கணக்குதான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை விடவேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று பரவியது. மலாயில் காக்கி லீமா, நம் பேச்சில் அஞ்சடி. பூக்கட்டுபவர், கிளி ஜோசியர், செருப்புத் தைப்பவர் என்று நம் ஆள்களின் பிழைப்பு பலவும் அந்த ஐந்தடிக்குள் நடந்தது. ஐந்தடி என்பது 1.5 மீட்டர். அவ்வளவு கிட்டத்தில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 50 மி.மீ. லென்ஸில் 1.08 மீட்டர் உயரம் வரும். தலையிலிருந்து இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. 35இல் 1.54 மீட்டர், கால் வெட்டுப்படும். 28இல் 1.93 மீட்டர். ஒரு மனிதர் தலை முதல் செருப்பு வரை முழுசாக நிற்பார்.

சரி, 1935இலேயே 28 வந்துவிட்டதே, பிறகு ஏன் அது எல்லார் கைக்கும் போகவில்லை? இடையில் ஒரு கண்ணாடி குறுக்கே வந்தது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடவேண்டும். 1959இல் வந்த நிக்கோன் எஃப் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. சாதாரண வடிவில் செய்த 28 மி.மீ. லென்ஸ் ஃபிலிமுக்குக் கிட்டத்தட்ட 28 மி.மீ. பக்கத்தில் உட்கார வேண்டியது. கண்ணாடி அதில் இடிக்கும். இதற்கான வழியை 1950இல் பிரான்சின் ஆன்ஜெனியோ 35 மி.மீ. லென்ஸ் ஒன்றில் காட்டினார். முன்னால் ஒளியை விரிக்கும் ஒரு லென்ஸை வைத்து, குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார். தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்பது போல. பிரச்சினை தீர்ந்தது, ஆனால் லென்ஸ் பருத்துவிட்டது. எஸ்எல்ஆர் காலம் முழுக்க அகலக்கோண லென்ஸ் என்பது தனியாகக் காசு போட்டு வாங்கித் தனியாகத் தூக்கிக்கொண்டு போகிற சாமான்.

கண்ணாடி இல்லாத சின்னக் கேமராக்கள்தான் வீட்டுக்குள் நுழைந்தன. 1975இல் கோனிகா, ஃபிளாஷை உள்ளேயே பொருத்திய ஒரு கேமராவைக் கொண்டு வந்தது. 1977இல் அதே நிறுவனம் தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவை விற்பனைக்கு விட்டது. இரண்டிலுமே 38 மி.மீ. லென்ஸ். 1979இல் ஒலிம்பஸின் மைதானி வடிவமைத்த எக்ஸ்ஏ, 35 மி.மீ. லென்ஸோடு உள்ளங்கைக்குள் அடங்கியது. நம் வீட்டு ஆல்பங்களில் பிறந்தநாள், காதுகுத்து, தீபாவளி என்று வண்ணப் படங்கள் நிறைவது இப்படிப்பட்ட கேமராக்களின் காலத்தில்தான்.

அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். கேக் வெட்டும் பிள்ளையின் முகம் பளீரென்று இருக்கும், பின்னால் வீடு இருண்டு கிடக்கும். தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். பிள்ளை 1.5 மீட்டரில், சுவர் 3 மீட்டரில் என்றால் சுவருக்குக் கிடைப்பது கால் பங்கு. லென்ஸ் ஓரளவு அகலமாகிவிட்டது. ஆனாலும் வீடு இன்னும் படத்துக்குள் சரியாக வந்து சேரவில்லை.

கலைஞர்கள் இந்த லென்ஸ்களை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50ஓடு நின்றுவிட்டார். நியூயார்க் தெருக்களில் கேரி வினோகிராண்ட் 28ஐ எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே போனார். ஜப்பானில் 1996இல் ரிக்கோ ஜிஆர்1 வந்தது. 28 மி.மீ., எஃப் 2.8, சட்டைப்பை அளவு. டைடோ மொரியாமாவின் கையில் அந்த வரிசைக் கேமராக்கள் புகழ் பெற்றன. இந்த லென்ஸில் ஒரு சௌகரியம் உண்டு. துளையை எஃப் 8இல் வைத்து ஃபோகஸை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். 50 மி.மீ.இல் அதே தெளிவு 5 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்.

டிஜிட்டல் வந்தபோது கண்ணாடி போய்விட்டது, லென்ஸ் மறுபடியும் 1930களின் அளவுக்குச் சிறுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சாதாரண வடிவுள்ள 28 மி.மீ. லென்ஸில், பாடப்புத்தகக் கணக்குப்படி, நடுவில் விழும் ஒளியில் 40 விழுக்காடு அளவே மூலைக்குப் போய்ச் சேரும். அதுவும் சாய்வாகப் போகும். ஃபிலிம் சாய்ந்து வரும் ஒளியையும் வாங்கிக் கொள்ளும். சென்சர் அப்படி வாங்காது, மூலைகள் இருண்டு நிறம் மாறும். பொறியாளர்கள் சமரசம் செய்தார்கள். பின்பக்கம் ஒளியை நிமிர்த்தும் லென்ஸ், அச்சில் வார்த்த வளைவுகள், கோணலையும் இருட்டையும் பிறகு சரி செய்யும் மென்பொருள். 2009இல் பானாசோனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் 100 கிராமில் வந்தது. அந்தச் சின்ன சென்சரில் அது 40க்குச் சமம். 2011இல் விற்பனைக்கு வந்த ஃபூஜி எக்ஸ்100 கேமராவில் 35க்குச் சமமான லென்ஸ் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தது. 2023இல் கேனனின் 28 மி.மீ. எஃப் 2.8 வந்தது. முழுச் சட்டகத்துக்குமானது, எடை 120 கிராம், தடிமன் 25 மி.மீ.க்கும் குறைவு.

“டேய், அதான் போன் இருக்கே. அதுக்கு எதுக்குடா தனியா லென்ஸு?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. இன்றைய கைப்பேசியின் முதன்மைக் கேமரா 24க்கும் 28க்கும் இடையில்தான் இருக்கிறது. ஹெக்டரின் உண்மையான வாரிசு அதுதான். அகலக்கோணம் எல்லார் சட்டைப்பைக்கும் வந்துவிட்டது, வீடும் தெருவும் படத்துக்குள் வந்துவிட்டன. வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. நல்ல கைப்பேசி ஒன்றில் உண்மையான குவியத்தூரம் 7 மி.மீ. அளவுதான். துளை எஃப் 1.8 என்றாலும் விட்டம் 4 மி.மீ.ஐத் தாண்டாது. 28 மி.மீ. எஃப் 2.8இல் விட்டம் 10 மி.மீ. ஒரே நேரத்தில் ஆறு மடங்கு ஒளி. ஒற்றை டியூப் விளக்கு எரியும் அடுக்குமாடி வீட்டில், கைப்பேசி அந்தக் குறையை மென்பொருளால் நிரப்பும். முகச் சுருக்கத்தைத் துடைத்துவிடும். அழகூட்டும் வசதி போட்டிருந்தால் கறுப்பையும் வெளுப்பாக்கிவிடும். முதியவர்களை எடுக்கும்போது எனக்கு அந்தச் சுருக்கமும் வேண்டும், அந்தக் கறுப்பும் வேண்டும்.

அதனால் நான் தேர்ந்தது 28 மி.மீ., எஃப் 2.8, ஜூம் இல்லாத, மெல்லிய லென்ஸ். ஜூம் வாங்கியிருந்தால் ஒரே கண்ணாடியில் எல்லாம் கிடைத்திருக்கும், ஆனால் தினமும் பையில் போகாது. வீட்டில் விட்டுவிட்டு வந்த லென்ஸ் எதையும் எடுப்பதில்லை.

28க்கு விலையும் உண்டு. படத்தின் ஓரத்தில் நிற்பவரின் தலை 19 விழுக்காடு அகன்றுவிடும். 35இல் அது 12 விழுக்காடு, 24இல் 25 விழுக்காடு. கல்யாண வீட்டில் வரிசையின் ஓரத்தில் நிற்கும் அத்தைகள், ‘என்னை மட்டும் குண்டா காட்டுது’ என்று கோபித்துக் கொள்வதற்குக் கணித ஆதாரமே இருக்கிறது. பெரியவர்களை நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்துக்கு நாற்காலியும் கதவும் போகட்டும். இன்னொன்று, கிட்டப் போகாமல் இந்த லென்ஸால் ஒன்றும் செய்யமுடியாது. அஞ்சடியில் ஒருவரை முழுசாக எடுக்க 1.5 மீட்டரில் நிற்கவேண்டும். அந்தத் தூரத்தில் ஒளிந்து எடுக்க வழியே இல்லை. பேசவேண்டும், கேட்கவேண்டும். “ஏன்யா இவ்ளோ கிட்ட வர்ற?” என்று கேட்டவர்களிடம் பதில் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றவர்களை எடுக்கவில்லை.

லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு நீங்கள் படமெடுக்க விரும்பும் அறையை அளங்கள். உங்கள் அறை பெரியதாக இருந்தால் 35 போதும், முகங்களுக்கு அது நல்லது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வீடுகளின் அறைகளும் ஏறக்குறைய பத்தடிதான். அவற்றில் பலவும் பழசாகிவிட்டன, ஒருநாள் இடிக்கப்படும். லயத்து வீடுகள் போனபோது அவற்றின் உட்புறங்களைப் பதிய வைக்கப் பெரும்பாலோரிடம் கருவி இல்லை. இந்த முறை கருவி இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குப் பெரியவர்களின் வீட்டுக்குப் போகும்போது, வாசலில் நிற்கவைத்து எடுக்கும் குடும்பப் படத்தோடு நிறுத்திவிடாமல், அவர்களுடைய சமையலறைக்குள்ளும் ஒரு படம் எடுத்துவிட்டு வாருங்கள். விளக்கைப் போடச் சொல்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.