குடியுரிமை

வீடு மாறுகிறவர் ‘குடிபோகிறோம்’ என்கிறார். வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. குடும்பம், குலம், குடியிருப்பு, அரசனுக்கு உட்பட்ட மக்கள் எனப் பழந்தமிழிலேயே ‘குடி’ பல பொருள் தந்தது. திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரம் நற்குடிப் பிறப்பைப் பேசுகிறது. அதே வேரிலிருந்து வந்த குடியுரிமையோ, ஒரு நாட்டின் மண்ணில் பிறக்காதவருக்கும் கிடைக்கக்கூடியது.

தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்து ஆனேக்கல்லில் கன்னடத்தார் இதைப் ‘பௌரத்வ’ என்பர்; புரம், அதாவது நகரம், தந்த சொல். தமிழ் வீட்டிலிருந்தும் கன்னடம் ஊரிலிருந்தும் தொடங்குவது அழகு.

வேறு நாட்டில் பிறந்து ஆனேக்கல்லில் குடியேறிய ஒருவர் இயல்புரிமை வழியில் இந்தியராக விரும்பினால், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்து இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள். நன்னடத்தை வேண்டும். பழைய நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இனியும் இங்கேயே வாழும் எண்ணம் இருக்க வேண்டும். சட்டவிரோதமாக வந்தவருக்குப் பொதுவாக இந்த வழி இல்லை.

மொழி நிபந்தனைதான் மனம் கவர்வது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு இருந்தால் போதும். கர்நாடகத்தில் வாழ்பவரும் தமிழைக் காட்டலாம்.

சொல் விரிந்த அளவுக்குச் சட்டம் விரியவில்லை. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. இந்தியாவின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வசிப்புக் காலத்தை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. இலங்கைத் தமிழ் அகதிகளை அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.