ஜெட்டிலிருந்து மேப்புக்கு

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. அதற்கேற்பப் பித்தளை ஜெட்டை மாற்றுவார், நீடில் கிளிப்பை ஒரு காடி ஏற்றுவார் அல்லது இறக்குவார், ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புவார். அவ்வளவுதான் ட்யூனிங்.

1980இல் கவாஸாகியின் இஸட்1000எச் வந்தபோது அந்த ஸ்க்ரூடிரைவருக்கு வேலையில்லாமல் போனது. தொழிற்சாலையிலிருந்தே மின்னணு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்த முதல் ஜப்பானிய பைக் அது. போஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கிய முறை: உள்ளே வரும் காற்று ஒரு மடலைத் தள்ளும்; மடல் சாய்வதற்கேற்ப இன்ஜெக்டர் திறந்திருக்கும். மடலே காற்றுக்கு இடைஞ்சலாகவும் நின்றது. 1982இன் ஜிபிஇஸட்1100இல் அதை எடுத்துவிட்டார்கள். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்ற இரண்டையும் வைத்துப் பெட்ரோலை அளந்தார்கள். ஃப்யூயல் மேப் என்பது அடிப்படையில் இந்த அட்டவணைதான்.

அட்டவணையில் வெளியாட்கள் கைவைக்க வழிவிட்டது டுகாட்டி 851. மாஸிமோ போர்டி உருவாக்கிய இந்த பைக்கின் முன்மாதிரியில் 1987இல் மார்க்கோ லுக்கினெல்லி டேடோனாவில் இரட்டை சிலிண்டர் பந்தயத்தை வென்றார். 1990இல் ரேமோன் ரோஷ் 851 வரிசை பைக்கில் சூப்பர்பைக் உலகப் பட்டம் பெற்றார். 851இன் வெபர்-மரெல்லி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் (இசியு) ஈப்ராம் சிப் ஒன்று இருந்தது. சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடிச் சன்னல், அதன் மேல் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்துப் புற ஊதா விளக்கின் கீழ் சிறிது நேரம் வைத்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். புது எண்களை ஏற்றித் திரும்பச் செருகலாம். சைலன்சரை மாற்றுகிறவர் சிப்பையும் சேர்த்து மாற்றுவது டுகாட்டிக்காரர்களின் வழக்கமாயிற்று.

மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு 1990களில், அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனம் விற்ற பவர் கமாண்டரோடு வந்தது. அது கம்பெனி மேப்பைத் தொடாது. இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டும், குறைக்கும். கணினியில் அதன் அட்டவணையைத் திறந்தால் மேலே த்ராட்டில் சதவீதம்: 0, 2, 5, 10, 20, 40, 60, 80, 100. பக்கவாட்டில் 250 ஆர்பிஎம்முக்கு ஒரு வரிசை.

முதல் கட்டங்கள் ஏன் இப்படி நெருக்கியடிக்கின்றன? த்ராட்டில் துளி திறந்தாலே காற்று பல மடங்கு கூடிவிடும். பாதிக்கு மேல் திறந்தபின் அந்த அளவு வித்தியாசம் இருக்காது. டிராஃபிக்கில் ஊரும்போது வண்டி குலுங்குகிறது என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இந்த 2, 5 கட்டங்களில்தான். விளம்பரங்களோ 100 சதவீதத்தில் வரும் குதிரைத்திறன் வரைபடத்தையே காட்டும். தினசரி ஓட்டுகிறவர் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

முறையாகச் செய்பவர் பின்சக்கரத்தை, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் உருளைமேல் ஏற்றி, பிரேக்கால் ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்தி, புகைக்குழாயில் செருகிய சென்சாரைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் திருத்துவார். பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழுச் சக்திக்கு 13 பக்கம் இறக்குவார்கள். புகை கூடும்.

சட்டம் நுழைந்தது இங்கேதான். 2016 ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன் தானே விற்ற ட்யூனர் கருவிகளுக்காக, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு செய்த உடன்பாட்டில் 1.2 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. 2008 முதல் விற்றவை ஏறத்தாழ 3,40,000. டீலர்களிடம் எஞ்சியவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கவும் சம்மதித்தது.

இந்தியாவில் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ 2006இல் வந்தது; பஜாஜ் பல்சர் 220 அடுத்த ஆண்டில். பல்சர் 220 2009இல் கார்புரேட்டருக்கே திரும்பிவிட்டது. அதே 2009இல்தான் சென்னை திருவொற்றியூரிலிருந்து ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 இன்ஜெக்‌ஷனோடு புறப்பட்டது. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்6 மாசு விதி அமலானபின் புது பைக்குகளில் கார்புரேட்டரைக் காண்பதே அரிதாயிற்று.

இன்று மேப் போடச் சொல்லிக் கடைக்குப் போகிறவர், விலையைக் கேட்பதற்கு முன் அங்கே டைனோ இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லையென்றால் ஏறப்போவது வேறு யாரோ ஒருவருடைய வண்டிக்குப் போட்ட எண்கள்.