இணையவழிக் கழிவுநீர்க் கட்டுப்பாடு (பாலாற்றுத் தோல் பகுதி)

தோல் பதனிடும் ஆலைகளும் அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் விதிப்படி இயங்குகின்றனவா என்பதைக் கருவிகளும் மென்பொருளும் இடைவிடாமல் பார்த்து, அதிகாரியின் கணினிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகை நெடுகப் பரவியிருக்கும் டேனரிகள் இதற்கு உட்பட்டவை. முன்பு ஆய்வாளர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார். அந்தப் பாட்டில் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே சாட்சி. இரவிலும் மழை நாளிலும் கழிவுநீரை ஆற்றில் திறந்துவிடுகிறார்கள் என்று விவசாயிகள் நெடுங்காலம் சொல்லிவந்த புகாரை அதைக்கொண்டு மெய்ப்பிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

சட்டப் பின்னணி 1991இல் தொடங்குகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் அந்த ஆண்டு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு நேருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அன்றைய நிலையிலும் அது சிறிய தொகைதான். தீர்ப்பின் கனம் கோட்பாட்டில் இருந்தது.

கருவிகள் வந்தது பின்னர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று அனுப்பிய உத்தரவு, பெரும் மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்றது. தோல் பதனிடுதல் அந்த 17 வகைகளில் ஒன்று. இந்தத் தரவுகளைப் பொதுமக்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2017இல் பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

செயல்முறை சிக்கலானதல்ல. வெளியேறும் நீரின் அளவை ஓட்டமானி கணக்கிடும். அமில காரத் தன்மைக்கு ஓர் உணரி. நீர் புற ஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு கரிமக் கழிவின் அளவை மதிப்பிடும் இன்னொரு கருவியும் உண்டு. அது நேரடி அளவீடு அல்ல, கணக்குவழி ஊகம். ஆய்வகச் சோதனையோடு அடிக்கடி ஒப்பிட்டுச் சரிசெய்யாவிட்டால் வெறும் எண்ணைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். பதிவுக் கருவி 15 நிமிடச் சராசரியை வாரியத்தின் சர்வருக்கு அனுப்பும். வரம்பு மீறினால் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி தானாகவே போகும். கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற நிபந்தனை உள்ள இடங்களில் அளக்க நீரே இராது என்பதால், அங்கே ஓட்டமானியும் சுழன்று பார்க்கும் கேமராவும் வைக்கப்படுகின்றன.

மேல்விஷாரத்தின் பொது நிலையம் விஷ்டெக் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. ராணிப்பேட்டையில் ரானிடெக், வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக். இவை டேனரி உரிமையாளர்கள் கூட்டாக அமைத்துக்கொண்ட நிறுவனங்கள். குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் முதற்கட்ட வேலை அந்தந்த டேனரியிலேயே முடிந்த பிறகுதான் கழிவுநீர் பொது நிலையத்துக்கு வர வேண்டும். ஓர் உறுப்பினர் அதைச் செய்யாமல் விட்டால் கெடுவது எல்லோருடைய நீரும். ஆகவே கடைசிக் குழாயில் கருவி வைத்தால் மட்டும் போதாது. உறுப்பினர் ஒவ்வொருவரின் வாசலிலும் மீட்டர் வேண்டும்.

உறுப்பினர் ஒவ்வொருவரையும் கண்காணிக்க வேண்டிய இதே சிக்கல் மேகக் கணிமையில் வேறு உருவில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பல கணக்குகளை ஒரு தலைமைக் கணக்கின் கீழ்க் கொண்டுவரும் கண்ட்ரோல் டவர் சேவையை அமேசான் 2019இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. 2022இல் அதன் கட்டுப்பாடுகளைத் திரையில் சொடுக்காமல் நிரல் வழியாகவே இயக்கவும் நிறுத்தவும் வழி வந்தது. அதன் கட்டுப்பாடுகள் மூன்று வகை: செயலை நடக்கவிடாமல் தடுப்பவை, நடந்ததைக் கண்டுபிடித்துச் சொல்பவை, அமைக்கப்போவதை முன்கூட்டியே சோதிப்பவை. பாலாற்றங்கரைக் கருவிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. அவை வால்வை மூடுவதில்லை, செய்திதான் அனுப்புகின்றன. இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. மேகத்தில் எந்தக் கணக்கில் எது இயங்குகிறது என்ற பட்டியலை நிரலே கேட்டு வாங்கிவிடும். மண்ணுக்கு அடியில் போகும் குழாயைப் பட்டியலிட்டுத் தர யாரும் இல்லை.

கருவி தான் வைக்கப்பட்ட இடத்தை மட்டுமே பார்க்கும் என்பதற்கு ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை வளாகம் கொடிய சான்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில் அங்கிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். வெளியேறும் நீரின் தரத்தை அளக்கும் எந்த உணரியும் சுவரின் வலிமையை அளப்பதில்லை.

உப்பின் கதையும் அப்படித்தான். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு முதல் அலசலிலேயே நீரில் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தோல் அலசிய நீரோ அதைப்போலப் பல மடங்கு. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து நீரைத் திரும்பப் பெறுகிறார்கள். பிறகு எஞ்சுவது சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்த உப்பு. வாங்க ஆளில்லாத சரக்கு அது. நிலையங்களின் கிடங்குகளில் தேங்குகிறது. ஓட்டமானி பூஜ்யம் காட்டும்போதும் இந்தக் குவியல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். கண்காணிப்புத் திரையில் இதற்கென ஒரு கட்டம் இருந்திருந்தால், பூஜ்ய வெளியேற்றம் என்ற பெயரை இவ்வளவு எளிதாகச் சூட்டியிருக்க மாட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தலையிட்டது. நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசே முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை நடத்தவும் உத்தரவிட்டது. வழக்கை முடித்துவைக்காமல், உத்தரவுகள் நிறைவேறுகின்றனவா என்பதைத் தானே தொடர்ந்து கண்காணிக்கப்போவதாகவும் அறிவித்தது.